தூக்குத் தண்டனை விவாதத்தில் பொதுமக்கள் கையெழுத்துக்கு என்ன இடம்?

மயிலை_மாடவீதி

குழந்தை கொல்லப்பட்ட செய்தி காலையில் வந்தால், சாயங்காலத்துக்குள் ‘தூக்கில் போடு’ என்று வாட்ஸ்அப்பில் ஓர் இணைப்பு சுற்ற ஆரம்பித்துவிடுகிறது. யாருக்காவது தூக்குத் தேதி குறித்துவிட்டால் ‘உயிரைக் காப்போம்’ என்று வேறோர் இணைப்பு. இரண்டிலும் கையெழுத்து எண்ணிக்கையைத்தான் பெரிய எழுத்தில் காட்டுகிறார்கள். யாருக்கு அனுப்புகிறார்கள் என்று பார்த்தால் குடியரசுத் தலைவர், பிரதமர், முதல்வர், உச்ச நீதிமன்றம் என்று நான்கு பேரும் ஒரே வரியில் இருப்பார்கள்.

இந்த இழையை அந்த வரிக்காகத்தான் தொடங்குகிறேன். அந்த நால்வரின் வேலையும் ஒன்றல்ல. சட்டம் இயற்றும் இடம் வேறு, தண்டனை விதிக்கும் இடம் வேறு, விதித்த தண்டனையைக் குறைக்கும் இடம் வேறு. சட்டமன்றத்துக்கும் நாடாளுமன்றத்துக்கும் போகிற மனுவுக்கு எண்ணிக்கையும் பலம்தான். அங்கே நாம் வாக்காளர்கள். நீதிமன்றத்தில் எண்ணிக்கைக்கு மதிப்பே இருக்கக்கூடாது. கருணை மனுவில் எத்தனை பேர் கையெழுத்துப் போட்டார்கள் என்பதைவிட, கோப்பில் இதுவரை இல்லாத எந்தத் தகவலை அந்த மனு கொண்டுவந்தது என்பதுதான் முக்கியம்.

பச்சன் சிங் வழக்கில் 1980இல் ‘அரிதினும் அரிதான வழக்கு’ என்ற அளவுகோலைத் தந்த அதே தீர்ப்பு, நீதிபதிகள் மக்கள் கருத்தின் பிரதிநிதிகளாகத் தங்களை வரித்துக்கொள்ளக்கூடாது என்றும் எச்சரித்தது. மூன்றே வருடத்தில், 1983இல், மச்சி சிங் வழக்கில் ‘சமூகத்தின் கூட்டு மனசாட்சி’ என்ற சொல் தீர்ப்புக்குள் வந்துவிட்டது. நாற்பது வருடத்துக்கு மேலாக அந்த இரண்டு தீர்ப்புகளுக்கு நடுவில்தான் இழுபறி.

மாற்றுக் கருத்து உள்ளவர்கள் தயவுசெய்து விவரத்தோடு எழுதுங்கள்.

அடையாறு_ஆலமரம்

மாற்றுக் கருத்து என்னுடையது. மரண தண்டனை சட்டத்தில் இருக்க வேண்டும் என்பவன் நான், மறைக்கவில்லை.

கூட்டு மனசாட்சி என்ற சொல்லை வாட்ஸ்அப் கும்பல் கண்டுபிடிக்கவில்லை. உச்ச நீதிமன்றமே சொன்னது. நாடாளுமன்றத் தாக்குதல் வழக்கில் 2005 தீர்ப்பிலும் அதே சொல் இருக்கிறது. சமூகத்தின் மனசாட்சியைக் காரணமாகக் காட்டித் தூக்கு விதிக்கலாம், ஆனால் அந்தச் சமூகம் வாய் திறந்து பேசினால் ‘உங்களுக்கு இங்கே வேலையில்லை’ என்றால் எப்படி?

இன்னொன்றும் உண்டு. 2004 ஆகஸ்ட் 14 அன்று கொல்கத்தா அலிப்பூர் சிறையில் நடந்த தூக்கிலிருந்து 2020 மார்ச் 20 அன்று திகாரில் நால்வரைத் தூக்கிலிட்டது வரை மொத்தம் எட்டே பேர். தமிழ்நாட்டில் கடைசித் தூக்கு சேலம் மத்திய சிறையில் 1995 ஏப்ரலில். தண்டனை காகிதத்தில் மட்டும் இருக்கிறது. பெண் பிள்ளையைப் பறிகொடுத்த பெற்றோர் பத்து வருடம் கோர்ட் படி ஏறுகிறார்கள். அவர்களுக்காக ஊர் கையெழுத்துப் போட்டால் அதை மட்டும் ஏன் தள்ளிவைக்க வேண்டும்?

பாரிமுனை_மேல்முறையீடு

ஆலமரம் சார், நீங்கள் சொன்ன முரண்பாடு உண்மையானது. அந்த முரண்பாட்டை உச்ச நீதிமன்றமே 2009இல் ஒத்துக்கொண்டது. அதை மட்டும் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன், ஏனென்றால் இதில் உயிர்கள் போயிருக்கின்றன.

1996இல் ராவ்ஜி என்ற ராஜஸ்தான் வழக்கு. குற்றத்தின் கொடுமையையும் சமூகம் நீதி கேட்டு எழுப்பும் குரலையும் பார்த்தால் போதும், குற்றவாளி யார், எப்படிப்பட்டவர் என்று பார்க்கத் தேவையில்லை என்ற பொருளில் தீர்ப்பு போனது. பச்சன் சிங் தீர்ப்போ குற்றம், குற்றவாளி இரண்டையும் பார்க்கச் சொன்னது. ராவ்ஜியை அந்த வருடமே தூக்கிலிட்டார்கள். அதே வழியில் தண்டனை பெற்ற இன்னொருவர் 1997இல் தூக்கிலிடப்பட்டார். 2009 மே மாதம் சந்தோஷ்குமார் பரியார் வழக்கில்தான், ராவ்ஜி தீர்ப்பும் அதைப் பின்பற்றிய தீர்ப்புகளும் அரசியல் சாசன அமர்வு தந்த பச்சன் சிங் தீர்ப்பைக் கவனிக்காமல் தந்தவை என்று நீதிமன்றம் சொன்னது. மக்கள் கருத்து குற்றத்தைச் சார்ந்த சூழ்நிலையும் அல்ல, குற்றவாளியைச் சார்ந்த சூழ்நிலையும் அல்ல என்றும் அதே தீர்ப்பு தெளிவாக்கியது. அதற்குள் இரண்டு பேர் மண்ணுக்குள் போய்ப் பத்து வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது.

பரியார் தீர்ப்புக்கு இரண்டே வாரம் முன்பு, 2009 ஏப்ரல் கடைசியில், மகாராஷ்டிரத்தின் நாடோடிப் பழங்குடியைச் சேர்ந்த ஆறு பேருக்கு ராவ்ஜி வழியிலேயே உச்ச நீதிமன்றம் தூக்கை உறுதிசெய்தது. அவர்களில் மூன்று பேருக்கு உயர் நீதிமன்றம் ஆயுளாகக் குறைத்திருந்ததையும் மீண்டும் தூக்காக்கியது. அந்த ஆறு பேரில் ஒருவர் சம்பவத்தின்போது சிறுவர் என்பது பிறகு தெரியவந்தது. தூக்கு வழக்குகளில் மறு ஆய்வு மனுவை மூன்று நீதிபதிகள் திறந்த நீதிமன்றத்தில் கேட்க வேண்டும் என்று 2014இல் முகமது ஆரிஃப் வழக்கில் விதி வந்த பிறகே இதை மறுபடி திறக்க முடிந்தது. 2019 மார்ச்சில் ஆறு பேரும் நிரபராதிகள் என்று அதே உச்ச நீதிமன்றம் விடுவித்தது. ஏறத்தாழ 16 வருடச் சிறை. ஆளுக்கு 5 லட்சம் ரூபாய் இழப்பீடு.

அந்த 2009ஆம் வருடத்தில் யாராவது ‘உடனே தூக்கிலிடு’ என்று இயக்கம் நடத்தியிருந்தால் கையெழுத்து குவிந்திருக்கும். செய்தித்தாளில் இருந்த குற்றம் அவ்வளவு கொடூரமானது. கையெழுத்துப் போடுகிறவருக்குத் தெரிவதெல்லாம் குற்றம் மட்டும்தான். சாட்சி எப்படிப் பேசினார், அடையாள அணிவகுப்பு எப்படி நடந்தது, வக்கீல் இருந்தாரா என்பது எதுவும் அவருக்குத் தெரியாது.

நம் ஊரிலேயே உதாரணம் உண்டு. 2017இல் முகலிவாக்கத்தில் சிறுமி கொல்லப்பட்ட வழக்கு. செங்கல்பட்டு நீதிமன்றம் 2018 பிப்ரவரியில் தூக்கு விதித்தது; அந்த வருடம் ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் உறுதிசெய்தது. அப்போது சென்னையில் எத்தனை பேர் மாற்றிப் பேசியிருப்பார்கள்? 2025 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தண்டிக்கப்பட்டவரை விடுதலை செய்தது. குற்றச்சாட்டு வனையும்போது அவருக்கு வக்கீலே இல்லை. பிறகு இலவச சட்ட உதவி வக்கீலை அமர்த்தி, நான்கே நாளில் சாட்சி விசாரணையைத் தொடங்கிவிட்டார்கள். சூழ்நிலைச் சாட்சியங்களின் சங்கிலியும் நிரூபிக்கப்படவில்லை. இந்த முடிவால் அந்தப் பெற்றோருக்கும் நியாயம் கிடைக்கவில்லை என்பதையும் சேர்த்துப் பாருங்கள். ‘சீக்கிரம், சீக்கிரம்’ என்று வெளியிலிருந்து அழுத்தினால் விசாரணையின் எலும்பு எங்கே முறிகிறது என்பதற்கு இந்தத் தீர்ப்பைப் படித்தால் போதும்.

நெறியாளர்

மேலே ஒரு பின்னூட்டத்தில் இருந்த சிறுமியின் பெயரையும் படத்தையும் நீக்கியிருக்கிறோம். பாலியல் குற்றத்தில் பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிடுவது இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதா 72ஆம் பிரிவின்படி இரண்டு வருடம் வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம். குழந்தை என்றால் போக்சோ 23ஆம் பிரிவும் சேரும். ‘எல்லாச் செய்தியிலும் வந்ததுதானே’ என்பது பதிலாகாது. கையெழுத்து மனுக்களின் தலைப்பிலேயே குழந்தையின் பெயரைப் போடுகிறார்கள். அந்த இணைப்பை இங்கே பகிர்ந்தாலும் நீக்குவோம்.

வியாசர்பாடி_வாசல்

நெறியாளருக்கு நன்றி. இதை யாராவது சொல்ல வேண்டும் என்றுதான் இருந்தேன்.

குழந்தைகள் பாதுகாப்பு வேலையில் இருப்பவர்கள் தூக்குச் சட்டத்தைப் பார்த்து ஏன் தயங்குகிறார்கள் என்பது இந்த மனுக்களில் வருவதே இல்லை. போக்சோ வழக்குகளில் பத்துக்கு ஒன்பதுக்கு மேல் குற்றம் செய்தவர் குழந்தைக்குத் தெரிந்தவர்: அப்பா, சித்தப்பா, மாமா, பக்கத்து வீட்டு அண்ணன், டியூஷன் வாத்தியார். ‘நீ சொன்னால் மாமாவைத் தூக்கில் போட்டுவிடுவார்கள்’ என்று வீட்டுக்குள் யாராவது ஒருமுறை சொன்னால் போதும், அந்தக் குழந்தை நீதிபதி முன்னால் வாக்குமூலம் தராது. அம்மாவே புகாரைத் திரும்பப் பெறப் பார்ப்பார். தண்டனை கூடக்கூடப் புகார் குறையும் என்ற பயம் இங்கிருந்துதான் வருகிறது. கொலைக்கும் பாலியல் வன்கொடுமைக்கும் ஒரே தண்டனை என்றால் சாட்சியான குழந்தையை உயிரோடு விடக் குற்றவாளிக்குக் காரணமே இருக்காது என்ற அச்சமும் உண்டு.

ஆனால் மயிலை சொல்வதையும் நான் முழுதாக ஒத்துக்கொள்ளமாட்டேன். மக்கள் குரல் சட்டத்தை மாற்றிய நல்ல உதாரணமும் நம்மிடம் இருக்கிறது. 2012 டிசம்பரில் டெல்லியில் நடந்த கூட்டுப் பாலியல் வன்கொடுமைக்குப் பிறகு நீதிபதி ஜே.எஸ். வர்மா தலைமையில் குழு போட்டார்கள். சுமார் 80,000 கருத்துகள் வந்தன. 29 நாளில் அறிக்கை தந்தார்கள். தெருவில் நின்ற கூட்டத்தில் பெரும்பகுதி தூக்கு கேட்டது. ஆனாலும் வன்கொடுமைக்கு மரண தண்டனை வேண்டாம் என்றே அந்தக் குழு சொன்னது. கூடவே என்னென்ன கொடுத்தது பாருங்கள்: பின்தொடர்தல், ஒளிந்து பார்த்தல், அமிலவீச்சு இவற்றுக்கெல்லாம் தனிக் குற்றப் பிரிவுகள், புகாரைப் பதிவு செய்ய மறுக்கும் போலீஸ்காரருக்குத் தண்டனை, மருத்துவப் பரிசோதனையில் இரண்டு விரல் சோதனை கூடாது என்பது. இதெல்லாம் வந்த மனுக்களைத் தலை எண்ணாமல் *படித்ததால்* கிடைத்தது. 2013 பிப்ரவரி அவசரச் சட்டத்தில் அரசு தூக்கையும் சேர்த்துக்கொண்டது. அந்த இடத்தில் மட்டும் எண்ணிக்கை ஜெயித்துவிட்டது.

அடையாறு_ஆலமரம்

வர்மா குழு உதாரணம் எனக்கும் பொருந்துகிறதே மேடம். அறிஞர் குழு ஒன்று சொன்னது, மக்கள் பிரதிநிதிகள் வேறொன்றைச் சட்டமாக்கினார்கள். ஜனநாயகத்தில் அதுதானே வழி? மயிலை சொன்ன முதல் வாசல், சட்டம் இயற்றும் வாசல். அதில் எண்ணிக்கைக்கு மதிப்பு உண்டு என்று அவரே சொல்லிவிட்டார்.

பாரிமுனை சாருக்கும் ஒரு கேள்வி. 2011 ஆகஸ்டில் ராஜீவ் காந்தி கொலை வழக்கில் மூவர் தூக்குக்கு எதிராகத் தமிழ்நாடே தெருவில் நின்றது. சட்டமன்றம் தீர்மானம் போட்டது. அதே நாள் உயர் நீதிமன்றம் தடை கொடுத்தது. தூக்கு வேண்டாம் என்ற கூட்டம் நல்ல கூட்டம், தூக்கு வேண்டும் என்ற கூட்டம் கெட்ட கூட்டமா? இரண்டும் கூட்டம்தானே?

எழும்பூர்_ஏடு

2011ஐத் தேதிவாரியாக வைத்துவிட்டுப் பேசலாம். அந்த வழக்கில் எதற்குக் கூட்டம் காரணம், எதற்கு இல்லை என்பது தேதிகளில்தான் தெரிகிறது.

1998 ஜனவரியில் பூந்தமல்லி தடா நீதிமன்றம் 26 பேருக்கும் தூக்கு விதித்தது. 1999 மே மாதம் உச்ச நீதிமன்றம் அதை நால்வராகக் குறைத்தது. 26 பேருக்கு விதித்த தூக்கில் 22 நிற்கவில்லை என்பதை அப்படியே கடந்துபோகாதீர்கள். 1999 அக்டோபரில் ஆளுநர் கருணை மனுக்களைத் தள்ளினார். அமைச்சரவையின் ஆலோசனையைக் கேட்காமல் தள்ளியது செல்லாது என்று அடுத்த மாதமே சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. 2000 ஏப்ரலில் நளினிக்கு ஆயுளாகக் குறைந்தது. மற்ற மூவரின் மனு அதே மாதம் குடியரசுத் தலைவருக்குப் போனது. பதில் வந்தது 2011 ஆகஸ்டில். பதினோரு வருடம்.

தூக்குத் தேதி 2011 செப்டம்பர் 9. ஆகஸ்ட் 30 அன்று சென்னை உயர் நீதிமன்றம் எட்டு வாரம் இடைக்காலத் தடை கொடுத்தது. வழக்கின் அடிப்படை அந்தப் பதினோரு வருடத் தாமதம். நீதிமன்ற வளாகத்தில் கூடிய கூட்டத்தை யாரும் மனுவில் காரணமாக எழுதவில்லை. 2014 பிப்ரவரி 18 அன்று உச்ச நீதிமன்றம் மூவர் தண்டனையையும் ஆயுளாகக் குறைத்ததும் அந்தத் தாமதத்துக்காகத்தான். அதற்கு நான்கு வாரம் முன்னால், ஜனவரி 21 அன்று, சத்ருகன் சவுகான் வழக்கில் 15 பேரின் தூக்கைக் குறைத்து வகுத்த சட்டம்தான் இவர்களையும் காப்பாற்றியது. அந்த 15 பேரில் பலருக்காக ஒரு ஊர்வலம்கூட நடந்ததில்லை.

அதனால் ஆலமரம் சாருக்கு என் பதில்: 2011 கூட்டம் கவனத்தைத் திருப்பியது, சட்டமன்றத்தைப் பேசவைத்தது, நல்ல வக்கீல்களைக் கொண்டுவந்தது. தீர்ப்பைக் கூட்டம் எழுதவில்லை. அந்த நாட்களில் காஞ்சிபுரத்தில் ஓர் இளம்பெண் தீக்குளித்து இறந்ததை வெற்றிக் கணக்கில் சேர்ப்பவர்களையும் பார்க்கிறேன். அது இழப்பு, வேறெதுவும் இல்லை.

அதே 2011 ஆகஸ்டில் பிரிட்டனில் என்ன நடந்தது என்பதும் இந்த இழைக்குப் பொருத்தம். அங்கே அரசு இணைய மனுத் தளத்தைத் திறந்தது. ஒரு லட்சம் கையெழுத்து சேர்ந்தால் நாடாளுமன்ற விவாதத்துக்குப் பரிசீலிப்போம் என்றார்கள். முதல் நாட்களிலேயே தூக்கைத் திரும்பக் கொண்டுவரச் சொல்லி ஒரு மனு வந்தது. பத்திரிகைகள் எல்லாம் அதைப் பற்றித்தான் எழுதின. கொண்டுவரக்கூடாது என்ற எதிர்மனுவும் வந்தது. இரண்டுமே ஒரு லட்சத்தைத் தொடவில்லை. எதிர்மனுவுக்குத்தான் கையெழுத்து அதிகம். சத்தத்தை வைத்து ஜனத்தின் மனசைக் கணக்கிட்டிருந்தால் தப்பாகப் போயிருக்கும்.

பழைய உதாரணமும் அங்கிருந்தே: 1953 ஜனவரியில் டெரெக் பென்ட்லி என்ற 19 வயது இளைஞரைத் தூக்கிலிட்டபோது இருநூறு எம்.பி.க்கள் வரை கருணை கேட்டுக் கையெழுத்திட்டிருந்தார்கள். தூக்கு நிற்கவில்லை. 1998இல் அவர் மீதான தீர்ப்பே ரத்தானது. அந்தக் கையெழுத்து ஆளைக் காப்பாற்றவில்லை. ஆனால் 1965இல் அங்கே கொலைக்கான தூக்கு நிறுத்தப்பட்டதற்குப் பென்ட்லி வழக்கு எழுப்பிய கேள்விகளும் ஒரு காரணம்.

பாரிமுனை_மேல்முறையீடு

‘இரண்டும் கூட்டம்தானே’ என்ற கேள்விக்கு நேராகவே பதில் சொல்கிறேன், அது நியாயமான கேள்வி.

கருணை அதிகாரத்தால் தண்டனையைக் குறைக்கத்தான் முடியும். அரசியல் சாசனம் 72, 161 இரண்டு பிரிவுகளிலும் மன்னிக்க, குறைக்க, நிறுத்திவைக்க அதிகாரம் உண்டு; கூட்ட அதிகாரம் கிடையாது. அதனால் கருணை கேட்கும் கூட்டம் தப்பாகவே இருந்தாலும், ஓர் ஆள் ஆயுள் முழுக்கச் சிறையில் இருப்பார். பிறகு உண்மை தெரிந்தால் எந்தப் பக்கமும் திருத்தலாம். தூக்கு கேட்கும் கூட்டம் தப்பானால் திருத்த ஆள் இருக்காது. கனம் சமமில்லாத இரண்டு தப்புகளை ஒரே தராசில் வைக்க முடியாது.

ஆனால் இதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்: கருணை கேட்கும் கூட்டத்துக்கும் எல்லை உண்டு. 2006இல் எப்புரு சுதாகர் வழக்கில், கட்சி விசுவாசத்தைக் காரணமாகப் பார்த்துக் கொடுத்த தண்டனைக் குறைப்பை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. சாதி, மதம், கட்சி பார்த்துக் கருணை காட்டினால் செல்லாது. நம் மாநிலத்தில் கையெழுத்து வாங்கும்போது ‘நம்ம பையன்’ என்ற வார்த்தை எவ்வளவு சுலபமாக வருகிறது! அந்த வார்த்தை கோப்பில் இருந்தால் அதுவே அந்த ஆளுக்கு எதிராகத் திரும்பும்.

கோட்டை_கோப்பு

எல்லோரும் கருணை மனுவைப் பற்றிப் பேசுகிறீர்கள். 2024 ஜூலை 1க்குப் பிறகு நடைமுறை மாறிவிட்டதை யாரும் எழுதவில்லை. காரணம், பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 472ஆம் பிரிவு.

மனுப் போடக்கூடியவர்கள்: தண்டிக்கப்பட்டவர், அவருடைய சட்டப்படியான வாரிசு, அல்லது வேறு உறவினர். பொதுமக்கள் அந்தப் பட்டியலில் இல்லை. முன்பு இப்படி எழுத்தில் வரையறை இல்லாததால் பஞ்சாபில் ரஜோனா வழக்கில் 2012இல் சீக்கிய குருத்வாராக்களை நிர்வகிக்கும் சிரோமணி குருத்வாரா பிரபந்தக் குழு மனுப் போட முடிந்தது. தண்டிக்கப்பட்டவர் தானாக மனுப் போடவே இல்லை. இனி அந்த வழி மிகக் கடினம். எவ்வளவு கையெழுத்து இருந்தாலும் அந்தக் கட்டு தானாகக் கருணை மனு ஆகாது.

கெடு: உச்ச நீதிமன்றத்தில் மேல்முறையீடோ மறு ஆய்வோ தள்ளுபடியான விவரத்தைச் சிறைக் கண்காணிப்பாளர் சொன்ன நாளிலிருந்து 30 நாள். முதலில் ஆளுநரிடம் போடலாம். அங்கே தள்ளினால் 60 நாளுக்குள் குடியரசுத் தலைவருக்கு. மத்திய அரசு மாநிலத்தின் கருத்தும் ஆவணங்களும் கிடைத்த 60 நாளுக்குள் பரிந்துரை அனுப்ப வேண்டும். குடியரசுத் தலைவர் முடிவெடுக்கக் கெடு எதுவும் இல்லை. முடிவு வந்தால் 48 மணி நேரத்தில் மாநில உள்துறைக்கும் சிறைக்கும் தெரிவிக்க வேண்டும்.

இதில் தடுக்கி விழும் இடம் அந்த 30 நாள். கையெழுத்து சேர்க்கிறோம் என்று மூன்று மாதம் ஊர் ஊராகப் போனால் கெடு தாண்டிவிடும். உறவினர் பெயரில் இரண்டு பக்கத்துக்காவது மனுவை முதலில் கண்காணிப்பாளர் வழியாகப் போட்டுவிட்டு, ஒப்புகை வாங்கிக்கொண்டு, பிறகு கூடுதல் ஆவணங்களை அனுப்ப வேண்டும்.

கோப்பு உள்ளே போன பிறகு என்ன பார்க்கிறார்கள்? மத்திய உள்துறை வைத்திருந்த வழிகாட்டிக் காரணங்களைச் சத்ருகன் சவுகான் தீர்ப்பிலேயே எடுத்துக் கொடுத்திருக்கிறார்கள். குற்றவாளியின் வயது, பால், மனநிலை, வழக்கின் சூழ்நிலை. மேல்முறையீட்டு நீதிமன்றம் சாட்சியத்தின் நம்பகத்தன்மையில் சந்தேகம் தெரிவித்ததா. புதிய சாட்சியம் கிடைத்திருக்கிறதா. உயர் நீதிமன்றம் விடுதலையை மாற்றியதா அல்லது தண்டனையைக் கூட்டியதா. நீதிபதிகளுக்குள் கருத்து வேறுபாடு வந்து பெரிய அமர்வுக்குப் போனதா. பலர் சேர்ந்த கொலையில் யார் பொறுப்பு என்று பிரித்துப் பார்த்தார்களா. புலனாய்விலும் விசாரணையிலும் நீண்ட தாமதமா. மக்கள் கருத்து அந்தப் பட்டியலில் எங்குமே இல்லை. ஆகவே மனு எழுதுகிறவர்கள் இந்தத் தலைப்புகளில் ஒவ்வொன்றுக்கும் ஆவணம் வைத்து எழுதினால் அதிகாரி அந்தப் பக்கத்தைத் தள்ள முடியாது. தேதி அட்டவணை தனித்தாளில் வேண்டும்: தீர்ப்புத் தேதி, நகல் கிடைத்த தேதி, மனு அனுப்பிய தேதி, ஒவ்வொரு அலுவலகத்திலும் கோப்பு கிடந்த நாட்கள். பிறகு நீதிமன்றம் போனால் தாமதத்தை நிரூபிப்பது அந்த ஒரு தாள்தான்.

எண்ணிக்கையைவிட யார் என்ன எழுதினார்கள் என்பதே பலம் என்பதற்கு எனக்குத் தெரிந்த சிறந்த உதாரணம் 2012இல் வந்தது. ராவ்ஜி வழியில் தவறாகத் தண்டிக்கப்பட்ட 13 பேரின் தூக்கைக் குறைக்கச் சொல்லி, ஓய்வுபெற்ற நீதிபதிகள் 14 பேர் குடியரசுத் தலைவருக்கு எழுதினார்கள். பதினான்கே கையெழுத்து. எந்தத் தீர்ப்பில் எந்தப் பிழை, அதை எந்தத் தீர்ப்பில் நீதிமன்றமே ஒத்துக்கொண்டது என்று குறிப்பிட்டு எழுதியதால் அதைப் படித்தே ஆக வேண்டியிருந்தது.

மயிலை_மாடவீதி

கோப்பு சாருக்கு மிக்க நன்றி. இதைத்தான் தேடிக்கொண்டிருந்தேன். அப்படியென்றால் பொதுமக்கள் கையெழுத்துக்கு உண்மையில் மிச்சமிருப்பது சட்டம் இயற்றும் வாசல் மட்டுமா?

கோட்டை_கோப்பு

ஏறத்தாழ அப்படித்தான். அது சின்ன வாசல் இல்லை. 2025 ஜனவரி 10 அன்று நம் பேரவையில் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் எதிரான குற்றங்களுக்குத் தண்டனையைக் கடுமையாக்கும் சட்டமுன்வடிவுகள் வந்தன. மரண தண்டனைப் பிரிவுகளும் அதில் உண்டு. மறுநாளே நிறைவேறிவிட்டன. இடையில் ஒரே இரவு. மத்திய அரசு 2014இல் வகுத்த கலந்தாய்வுக் கொள்கையின்படி, சட்டவரைவைக் குறைந்தது 30 நாளாவது பொதுவில் வைக்க வேண்டும். மாநிலத்துக்கும் அப்படி ஒன்று வேண்டும் என்று கேட்பதற்குக் கையெழுத்து மிகச் சரியான ஆயுதம். குற்றவியல் சட்டம் பொதுப் பட்டியலில் இருப்பதால், மத்தியச் சட்டத்தோடு முரண்படும் மாநிலத் திருத்தத்துக்கு அரசியல் சாசனம் 254(2)இன்படி குடியரசுத் தலைவர் ஒப்புதலும் வேண்டும். ஆகவே பேரவையில் நிறைவேறிய பிறகும் மனு அனுப்ப அவகாசம் உண்டு.

பேரவைக்கும் மக்களவைக்கும் மாநிலங்களவைக்கும் மனுக்கள் குழுக்கள் இருக்கின்றன. நீதிமன்றத்தில் நிலுவையில் உள்ள விஷயத்தை அங்கே கொண்டுபோக முடியாது. அதனால் ‘இன்ன வழக்கில் இன்னாரை’ என்று எழுதினால் வாசலிலேயே திரும்பும். ‘இன்ன சட்டப்பிரிவை’ என்று எழுதினால் உள்ளே போகும். நாடாளுமன்றத்துக்குத் தமிழில் அனுப்பினால் இந்தி அல்லது இங்கிலீஷ் மொழிபெயர்ப்பு இணைக்க வேண்டும்.

கையெழுத்துத் தாள் பற்றியும் கொஞ்சம். பெரும்பாலான கட்டுகள் கெட்டுப்போவது இங்கேதான். கோரிக்கை முதல் தாளில் மட்டும் இருக்கும். மற்ற 40 தாளில் வெறும் பெயரும் கையெழுத்தும். எதற்குக் கையெழுத்துப் போட்டார்கள் என்று அந்தத் தாள் சொல்லாது. யாரும் அதை உருவி வேறொரு மனுவில் கோர்த்துவிடலாம். ஒவ்வொரு தாளின் தலையிலும் கோரிக்கையை இரண்டு வரியில் அச்சடியுங்கள். ‘தாள் 3 / மொத்தம் 48’ என்று எண் போடுங்கள். தாளுக்கு 15 வரிக்கு மேல் வேண்டாம்; இருபது போட்டால் முகவரிக் கட்டத்தில் ‘சென்னை’ என்று மட்டும் எழுதிவிட்டுப் போவார்கள். முழு முகவரி, அஞ்சல் குறியீடு, தேதி மூன்றும் வேண்டும். ஒரே மையில் ஒரே கையெழுத்தில் ஐந்தாறு பெயர் வரிசையாக இருந்தால் அந்தத் தாள் முழுவதையும் நீங்களே எடுத்துவிடுங்கள். ஒரு சந்தேகத் தாள் மொத்தக் கட்டையும் கெடுக்கும். கைநாட்டு என்றால் பக்கத்தில் சாட்சிக் கையெழுத்து. ஒயிட்னர் கூடாது, அடித்து எழுதினால் சுருக்கொப்பம். இணையக் கையெழுத்தைத் தனிக் கட்டாக வையுங்கள், இரண்டையும் கூட்டி ஒரே எண்ணாகச் சொல்லாதீர்கள். தபால் பிரிவில் கொடுத்து, நகலில் முத்திரையும் தேதியும் வாங்காமல் வெளியே வராதீர்கள்.

பாரிமுனை_மேல்முறையீடு

ஒரு எச்சரிக்கை மட்டும் சேர்க்கிறேன். மேல்முறையீடு நிலுவையில் இருக்கும்போது ‘செய்த தவறுக்கு வருந்துகிறார், மன்னியுங்கள்’ என்று மனு எழுதாதீர்கள். அவர் நீதிமன்றத்தில் குற்றத்தையே மறுத்துக்கொண்டிருப்பார். அவருடைய வக்கீலைக் கேட்காமல் எந்த வார்த்தையும் அவர் சார்பில் அச்சேறக்கூடாது.

வியாசர்பாடி_வாசல்

சட்டம் இயற்றும் வாசலுக்குப் போகிறவர்கள் இந்தக் கணக்கையும் கொண்டுபோங்கள். டெல்லி தேசிய சட்டப் பல்கலைக்கழகம் 2016இல் வெளியிட்ட மரண தண்டனை ஆய்வு: 2000 முதல் விசாரணை நீதிமன்றங்கள் விதித்த தூக்குகளில், மேல்முறையீடு முடிந்த 1,486 பேரில் தூக்கு நிலைத்தது 4.9 சதவீதம் பேருக்குத்தான். 29.8 சதவீதம் பேர் விடுதலை. தண்டிக்கப்பட்டவர்களில் 74.1 சதவீதம் பேர் பொருளாதாரத்தில் நலிந்தவர்கள். இந்த மூன்று எண்ணையும் மனுவின் முதல் பக்கத்தில் போட்டுவிட்டுப் பிறகு எந்தக் கோரிக்கையை வேண்டுமானாலும் வையுங்கள். கையெழுத்துப் போடுகிறவர் அதைப் படித்துவிட்டுப் போடட்டும்.

மயிலை_மாடவீதி

எல்லோரும் சொன்னதை வைத்துப் பேரவை மனுக்கள் குழுவுக்கு ஒரு வரைவு. திருத்துங்கள்.

‘மரண தண்டனையை விதிக்கும், கூட்டும் அல்லது குறைக்கும் எந்தச் சட்டமுன்வடிவையும் பேரவை நிறைவேற்றும் முன் 30 நாள் பொதுமக்கள் கருத்துக்கு வெளியிட வேண்டும், அதைத் தேர்வுக் குழுவுக்கு அனுப்ப வேண்டும். மரண தண்டனைக்குரிய வழக்குகளில், குற்றச்சாட்டு வனைவதற்கு முன்பே அனுபவமுள்ள சட்ட உதவி வக்கீலை அமர்த்துவதையும், தண்டனை குறித்த விசாரணைக்கு முன் நன்னடத்தை அலுவலர் அறிக்கையும் மனநல மருத்துவ அறிக்கையும் தாக்கல் செய்வதையும் அரசு உறுதிசெய்ய வேண்டும். இவை நடைமுறைக்கு வரும்வரை மரண தண்டனையை நிறைவேற்றுவதை நிறுத்திவைக்க வேண்டும்.’

பாரிமுனை_மேல்முறையீடு

இரண்டாவது கோரிக்கையில் ‘2022ஆம் ஆண்டு மனோஜ் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியபடி’ என்று சேருங்கள். அரசே இந்த அறிக்கைகளைத் திரட்டித் தர வேண்டும் என்று அதில் சொல்லியிருக்கிறார்கள். அப்போதுதான் நாம் புதிதாக எதையோ கேட்பதுபோல இருக்காது.

அடையாறு_ஆலமரம்

முதல் இரண்டிலும் கையெழுத்துப் போடுகிறேன். முகலிவாக்கம் தீர்ப்பைப் படித்த பிறகு, வக்கீல் இல்லாமல் குற்றச்சாட்டு வனைவதை என்னால் நியாயப்படுத்த முடியவில்லை. அந்தக் குறையால் நாளை உண்மையான குற்றவாளியும் தப்பிவிடுவான். மூன்றாவதில் போடமாட்டேன். அதைத் தனித் தாளாகப் பிரித்துவிடுங்கள், சேர்த்தே வைத்திருந்தால் என்னைப் போன்றவர்கள் மூன்றையும் விட்டுவிடுவார்கள்.

மயிலை_மாடவீதி

பிரித்துவிட்டேன் சார். இரண்டு தலைப்பு, இரண்டு கட்டு, தாளுக்கு 15 வரி.